வேலியும் வீதியும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பலாலி வீதி வழியாகவோ காங்கேசன்துறை வீதி வழியாகவோ வடக்கு நோக்கிச் செல்லும் ஒருவர், மாநகர எல்லை எவ்விடத்தில் முடிகின்றது, கிராமம் எவ்விடத்தில் தொடங்குகின்றது என்று இன்று கண்ணாற் கண்டு கூறுதல் அரிது. திருநெல்வேலியும் கொக்குவிலும் கோண்டாவிலும் முன்னர் செம்பாட்டுத் தோட்டங்களுக்கிடையே அமைந்த ஊர்கள். இன்று அவை பட்டினத்தின் புறநகர்கள். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்த நிலம் பரப்புப் பரப்பாகப் பிரிக்கப்பட்டு, மாடி வீடுகளாகவும் வாடகை அறைகளாகவும் கடைகளாகவும் மாறி வருகின்றது. 1921இல் இராமநாதன் அவர்கள் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி வளவில் 1974ஆம் ஆண்டு பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பெற்ற நாள் முதலாக இம்மாற்றம் விரைவு பெற்றது. போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டின் பின்னர், வெளிநாடுகளிலிருந்து வரும் பணம் அவ்விரைவை இன்னும் பெருக்கியது.

ஊர் வளர்வதைக் கண்டு ஒப்பாரி வைப்பது எமது நோக்கமன்று. மக்கள் பெருகினால் வீடுகள் பெருகத்தான் வேண்டும். ஆனால், இப்புறநகர்களில் வாழும் நாம் யார் என்ற கேள்வியை இன்று எழுப்பாமலிருத்தல் இயலாது. நாம் ஊரவரா? அல்லது ஒரே வீதியில் வீட்டிலக்கம் பெற்ற வதிவாளர் மாத்திரந்தானா?

யாழ்ப்பாணத்துச் சமுதாயம் பழைமை பேணும் சமுதாயம் என்பது யாவரும் அறிந்ததே. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் இவ்வாழ்க்கை முறையைக் கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டுப் போற்றினார். அதனைக் குறை கூற வந்தவர்களோ கிடுகு வேலியைச் சுட்டிக்காட்டி, மறைத்து வாழும் சமுதாயம் இது என்றனர். போற்றினோரும் தூற்றினோரும் ஒரே பொருளைத்தான் கண்டனர். ஆயினும், அந்த வேலியைச் சற்றே நெருங்கி நோக்குதல் வேண்டும்.

வேலி ஒருவரே தனித்துச் செய்துமுடிக்கும் காரியமாக இருந்ததில்லை. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நிற்க, கிடுகோ பனையோலையோ கொண்டு மாரிக்கு முன்னர் அதனை அடைக்க வேண்டும். இந்த ஆண்டு அடைத்தது அடுத்த சில ஆண்டுகளில் உக்கிவிடும். ஆதலின், எல்லை எது, எவர் பக்கம் எவ்வளவு என்பதை அயலவர் இருவரும் கூடிப் பேசியே தீரவேண்டியதாயிற்று. இரவோடிரவாகக் கதியாலைப் பிடுங்கி அப்பால் நட்டவர்களும் இருந்தனர். ஒரு முழ நிலத்துக்காக நீதிமன்றப் படியேறி, அந்நிலத்தின் விலையைப்போற் பன்மடங்கு செலவழித்தவர்களும் இருந்தனர். அதனை நாம் மறைக்கவில்லை. எனினும் அந்த வேலியிலே ஒரு பொட்டு இருந்தது. அப்பொட்டின் வழியாக அடுப்புக்குத் தணலும், கிண்ணத்திலே கறியும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற செய்தியும் அங்குமிங்கும் சென்றன. இன்று எழும் ஆறடி மதிலிலே பொட்டு இல்லை. ஒரு முறை கட்டினால் ஒரு தலைமுறைக்கு அயலவரோடு பேசவேண்டிய தேவையும் இல்லை.

மதிலைக் கட்டுவோர் அச்சத்தாற் கட்டுகின்றனர் என்று கூறுவார்கள். அதில் உண்மை உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவிலே வீதிக்கு வந்து தென்மராட்சி நோக்கி நடந்ததை நேரிற் பட்டவர்களுக்கு, வீடு என்பது சுவர்களுக்குள் அடங்கும் பொருளாகத் தோன்றுவதில் வியப்பில்லை. திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டார் பலர் இல்லை. பூட்டிய வீடுகளும், அற்றோணித் தத்துவத்தின் பேரில் மற்றொருவர் பார்த்துவரும் காணிகளும் நமது ஒழுங்கைகளில் இன்றும் உள. அயலைப் போர் சிதைத்தது. அதனை மீளக் கட்டும் கடமை நமக்குரியது. மதிலை மாத்திரம் கட்டிவிட்டு, பழைமை பேணுகின்றோம் என்று கூறுவது பொருந்துமா என்பதே எமது வினா.

நமது முன்னோர் பேணிய பழைமையில் வேலிக்கு அப்பாலும் ஒரு பெரும் பகுதி இருந்தது. வழிப்போக்கர் தங்குதற்கு மடம். குளிப்பதற்கும் குடிப்பதற்கும் கேணி. தலைச்சுமையோடு வருவோர் பிறர் உதவியின்றி இறக்கி வைப்பதற்குச் சுமைதாங்கி. வாயில்லாப் பிராணி தன் உடலை உரோஞ்சுவதற்கு ஆவுரோஞ்சிக் கல். இவற்றைக் கட்டுவித்தவர்களை எந்தச் சட்டமும் வற்புறுத்தவில்லை. சந்தைக்கு நடந்து செல்லும் பெண்ணின் கழுத்து வலியை எண்ணிப் பார்த்த ஒருவர், தம் குடும்பத்தில் இறந்தவரின் நினைவாக வீதியோரத்தில் ஒரு கல்லை நாட்டுவித்தார். நல்லூரில் அவதரித்த ஆறுமுக நாவலர் அவர்களைச் சைவங் காத்தவராகவே நாம் பெரிதும் நினைக்கின்றோம். 1876, 1877ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் அவர் கஞ்சித் தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்ப்பித்தார் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். ஆசாரமும் பொதுப்பணியும் அவரிடத்தில் இரண்டாக நிற்கவில்லை.

தேசவழமையை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டு, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களால் பார்வையிடப்பெற்ற வழக்கத் தொகுப்பு அது. காணியை விற்க முற்படுவோர் உரித்தாளிகளுக்கும், பங்காளிகளுக்கும், அக்காணியை ஈடாகப் பெற்றிருந்த அயற்காணிக்காரருக்கும் முன்னதாக அறிவித்தல் வேண்டும் என அது விதித்தது. 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அவ்வுரிமையைப் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் என வரையறுத்தது. நமது பழைய உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருப்பதைச் சட்டத்தரணிகள் நன்கறிவர். நிலம் ஒருவர் பெயரில் இருந்தாலும், நீரும் வழியும் பலரைச் சார்ந்தவை என்பதே அவ்வுறுதிகள் கூறும் செய்தி. என் பணம், என் காணி, எவர் கேட்பது என்னும் பேச்சு நமது பழைமையைச் சார்ந்ததன்று. அது நேற்று வந்த பேச்சு.

இவ்வளவும் கூறிய பின்னர் மற்றொன்றைக் கூறாமல் விடின் நாம் நேர்மையற்றவராவோம். பழைமை என்ற பெயரால் இந்தச் சமுதாயம் பேணி வந்தவற்றுள் வெட்கத்துக்குரியவையும் பல. கேணியைக் கட்டியவர்களே, அதில் இன்னார் நீர் அள்ளலாகாது என்றும் விதித்தார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஆசனத்தில் அமரலாம் என்ற ஏற்பாடு 1930ஆம் ஆண்டளவில் வந்தபோது, சில பள்ளிக்கூடங்கள் தீயிடப்பட்டன. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிப் பதினோராண்டு கழிந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அடியார்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். காணி விற்கும்போது விலையைப் பேசுமுன் வாங்குபவரின் சாதியை விசாரிப்போர் இன்றும் நம்மிடையே உளர். 1990 ஒக்டோபரில் தலைமுறை தலைமுறையாக நம்மோடு வாழ்ந்த முஸ்லிம் அயலவர்கள் சில மணி நேரத்துள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது, ஊரவர் என்ற சொல்லின் எல்லை எவ்வளவு குறுகியது என்பதும் வெளிப்பட்டது.

ஆதலின், பழையன யாவும் சாதியின் கோலமே, அனைத்தையும் அழித்துவிடுக என்று கூறும் இளைஞர்களின் சினத்தை நாம் உணர்கின்றோம். ஆனால் அவர்களின் முடிவை ஏற்கவில்லை. இங்கும் தேசவழமையே நமக்கு விடை தருகின்றது. அத்தொகுப்பிலே அடிமைகளைப் பற்றிய பகுதியும் இருந்தது. 1844ஆம் ஆண்டு இலங்கையில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அப்பகுதி செத்தது, தேசவழமை சாகவில்லை. மனைவியின் சொத்துரிமையும் முதுசமும் பற்றிய விதிகள் 1911இலும் 1947இலும் திருத்தப்பட்டன; அப்போதும் அது சாகவில்லை. அழுகிய கிளையை வெட்டினால் மரம் பட்டுப்போகும் என்று அஞ்சுபவர் மரத்தின் வேரை நம்பாதவர். பழைமை பேணுவோர் என்று தம்மைக் கூறிக்கொள்வோர்க்கே இத்தறிப்பு வேலை முதற் கடமையாகும்.

இனி, இன்றைய நிலைமைக்கு வருவோம். ஊரவரா வதிவாளரா என்ற வினாவுக்குக் குடாநாட்டின் நிலத்தடி நீர் ஏற்கெனவே விடை கூறிவிட்டது.

நம் நாட்டில் ஆறு இல்லை. வடகீழ்ப் பருவ மழை சுண்ணக்கல்லினூடாக இறங்கி, உவர் நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. அதுவே தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நாம் இறைக்கும் நீர். அந்தச் சுண்ணக்கல்லுக்கு மதிலும் தெரியாது, உறுதியும் தெரியாது. கமக்காரர் அளவுக்கு மிஞ்சி இடும் உரமும், உத்தியோகத்தர் தம் புதுவீட்டின் பின்புறத்தில் அமைக்கும் மலக்குழியும் நிலத்தின் கீழே ஒரே நீரிற் சென்று கலக்கின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்கு ஏற்ற அளவைக் கடந்துள்ளதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டி வந்துள்ளன. கைக்குழந்தைகளுக்கு அது தீங்கு என்பதை வைத்தியர்கள் அறிவர். துலா மிதித்து இறைத்த காலத்தில், நீரின் அருமையை உடம்பே அறிந்திருந்தது. ஒரே கிணற்றிற் பங்குடையோர் முறை வைத்து இறைத்தனர். இன்று ஒவ்வொரு வளவிலும் குழாய்க் கிணறும் மின்சார இயந்திரமும் உள. முறை கேட்பாரும் இல்லை. முறை தவறினாற் கண்டிப்பாரும் இல்லை.

சுன்னாகத்தில் நிகழ்ந்ததை நாம் மறந்துவிடலாகாது. மின்னிலையப் பகுதியிலிருந்து எண்ணெய் நிலத்துள் இறங்கிச் சூழவுள்ள கிணறுகளிற் படர்ந்ததென்று 2014, 2015ஆம் ஆண்டுகளில் மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்விடயத்தில் 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி கட்டளையிட்டது. அவ்வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றவர் தென்னிலங்கையைச் சேர்ந்த சுற்றாடல் ஆர்வலர் ஒருவர். அவருக்கு நம் நன்றி உரியது. அதே வேளை, சட்டம் படித்தோர் நிறைந்த இந்த நாட்டில், நம் கிணற்றுக்காக வழக்காட அயலூரார் ஒருவர் வரவேண்டியிருந்ததே என்ற எண்ணம் நம் நெஞ்சை உறுத்தவும் வேண்டும்.

2024 ஓகத்தில் தாளையடியில் கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்து வைக்கப்பட்டது. குழாய் நீர் வருவது நன்றே. ஆயினும், குழாய் வந்துவிட்டதே, இனிக் கிணறு எப்படிப் போனாலென்ன என்று எண்ணுவோமாயின், தோட்டக்காரர் எதனை இறைப்பார்? சந்தைக்கு வரும் கீரையும் கிழங்கும் எந்த நீரில் விளையும்? குழாய் நீரைக் குடிக்கும் உத்தியோகத்தரும் அக்கிணற்று நீரில் விளைந்ததையே உண்பார் என்பதை மறத்தலாகாது.

இக்காரியங்களைக் கவனிப்பதற்கென்றே ஊராட்சி மன்றங்கள் உள. அவற்றின் வரலாறு நமக்கு மகிழ்ச்சி தருவதன்று. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருப்பெற்ற கிராமச் சங்கங்கள் பின்னர்க் கிராம சபைகளாக வளர்ந்து, 1981இல் அரசாங்கத்தால் ஒழிக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பிரதேச சபைகள் வந்தன. நமது பகுதியில் மக்கள் அவற்றுக்கு வாக்களித்த ஆண்டுகள் 1998, 2011, 2018, 2025 என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 2023 மார்ச்சில் நடைபெறவிருந்த தேர்தல் ஒத்திவைக்கப்பட்டு, 2025 மே 6ஆம் நாள் வரை ஈராண்டுக்கு மேல், தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் இல்லாமலே சபைகள் நடந்தன. அரசாங்கத்தின் குற்றம் வெளிப்படை. ஆனால் அந்த ஈராண்டில், எமது சபை எங்கே என்று கேட்டு எத்தனை வைத்தியர்களும் ஆசிரியர்களும் பொறியியலாளரும் தெருவுக்கு வந்தனர்? மத்தியிலே அதிகாரப் பங்கீடு கோரும் மக்கள், தம் ஒழுங்கையின் வெள்ளவாய்க்காலை ஆளும் சபை இல்லாதிருப்பதையும் இருப்பதையும் ஒன்றாகக் கருதுவார்களானால், அக்கோரிக்கையின் வலிமையை அவர்களே குறைக்கின்றனர்.

2018ஆம் ஆண்டுத் தேர்தல் முதலாக இச்சபைகளில் 25 வீத இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. இதனையும் ஆசாரத்துக்கு ஊறு என்று முணுமுணுத்தோர் உண்டு. கிணற்றடியின் நிலையையும் குப்பைக் குவியலின் நாற்றத்தையும் நுளம்புக் காய்ச்சலில் வாடும் பிள்ளையின் முனகலையும் முதலில் அறிபவள் வீட்டிலுள்ள பெண்ணே. சபையிலே அவள் பேசுவதைவிடப் பொருத்தமான பேச்சு யாது?

சபைக்கும் வீட்டுக்கும் இடையே நமது ஊர்கள் மற்றோர் அரிய நிலையத்தையும் வளர்த்து வந்துள்ளன. அதுதான் வாசிகசாலை, சனசமூக நிலையம். ஒரு கொட்டிலும் இரண்டு வாங்குகளும் நாளிதழ்களுமாகத் தொடங்கியவை அவற்றுட் பல. தோட்டத்து மண் காலில் ஒட்டியிருக்கக் கமக்காரர் ஒருவர் வாசிப்பதைக் கேட்டு, பக்கத்திலிருந்த ஆசிரியர் விளக்கம் கூறினார்; கூப்பன் கடையில் நிகழ்ந்த ஊழலும் உலக யுத்தமும் அங்கே ஒன்றாக விசாரிக்கப்பட்டன. யாழ்ப்பாணப் பொது நூலகமே 1933இல் க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு முயற்சியின் விளைவு. 1959இல் அதன் பெருமனை திறக்கப்பட்டது, 97,000 நூல்களோடு 1981இல் எரிக்கப்பட்டது, மீண்டும் எழுந்தது. எரித்தவர்களைப் பற்றி நாம் இன்றும் பேசுகின்றோம், பேசத்தான் வேண்டும். ஆனால், நம் ஊர்ச் சனசமூக நிலையத்தின் கதவு பூட்டிக் கிடப்பின் அதற்குக் காரணர் எவர்? அங்கே எவரும் தீ வைக்கவில்லை. நாம் போகவில்லை, அவ்வளவே.

உத்தியோகம் பார்க்கும் அன்பர்களுக்கு ஒன்று கூறுவோம். நீங்கள் வீடு கட்டியுள்ள நிலத்திலே சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் மண்வெட்டி பிடித்து நின்றார். இன்று அவர் ஓர் ஒழுங்கை அப்பால், குத்தகைக் காணியிலே நிற்கிறார். அவர் உங்கள் அயலவர். மலக்குழியை அமைக்குமுன் அவருடைய கிணறு எங்கேயுள்ளதென்று கேளுங்கள். காணியைத் துண்டுகளாகப் பிரிக்கும்போது வழிக்கும் வெள்ளவாய்க்காலுக்கும் இடம் விடுங்கள். மாரி வெள்ளம் உங்கள் மதிலைச் சுற்றிக்கொண்டு ஏழையின் முற்றத்தில் நிற்குமாயின், அம்மதில் உங்களுக்குப் பெருமை தராது. உங்கள் கல்வி சபைக் கூட்டத்துக்கும் வரவுசெலவுத் திட்டத்துக்கும் பயன்படட்டும். பார்வையாளராயேனும் சென்று அமருங்கள். கணக்கைப் படித்துக் கேள்வி கேளுங்கள்.

கமக்கார அன்பர்களுக்கும் ஒன்று கூறுவோம். நிலத்தை விற்பது உங்கள் உரிமை. மகளின் சீதனத்துக்கோ மகனின் படிப்புக்கோ விற்க நேர்வதன் வேதனையை நாம் அறியாதவரல்லேம். ஆயினும் செம்பாட்டு மண் மறுபடி விளைவதன்று. கல்லும் சீமெந்தும் ஏறிய நிலம் தோட்டமாகத் திரும்புவதில்லை. விற்குமுன் பயிர் செய்ய விரும்பும் அயலவரிடம் கேளுங்கள். தேசவழமை கூறியதும் ஏறக்குறைய அதுவே. ஆனால் கேட்கும்போது சாதியைக் கேளாதீர்கள். உரத்தை மண்ணின் தேவையறிந்து இடுங்கள். குளமும் கேணியும் தூர்ந்து கிடக்கும் இடத்தில், முதல் மண்வெட்டி உங்களுடையதாக இருக்கட்டும். அதனை எப்படி வெட்டுவதென்று பட்டதாரிக்குத் தெரியாது, உங்களுக்கே தெரியும்.

பழைமை பேணுவது இழிவன்று. எதனைப் பேணுகின்றோம் என்று அறியாமற் பேணுவதே இழிவு. கோயிற் கொடியேற்றத்துக்கு ஊர் திரும்புகின்ற நாம், தேர் வடத்தைப் பிடிக்கும்போது நமக்கு முன்னே நிற்பவர் எவரென்று பார்ப்பதில்லை. வடம் எல்லோர் கையிலும் ஏறினால்தான் தேர் அசையும். அந்த ஒரு நாளின் ஒழுங்கு ஆண்டின் மற்ற நாள்களுக்கும் வருதல் வேண்டும்.

மதில் கட்ட வேண்டியவர்கள் கட்டிக்கொள்ளட்டும். அதிலே ஒரு சிறு படலையாவது அயலவர் பக்கமாகத் திறக்கட்டும். நம் தாய்மார் வேலியில் விட்டுவைத்த பொட்டு, கவனக்குறைவால் விழுந்த துவாரமன்று. ஊர் என்பது அதன் வழியாகவே உள்ளே வந்தது.